மூணாவது நாள் எழுதின கமெண்ட்: தோல் நோய்க்கு ரீல்ஸை எவ்வளவு நம்பலாம்?

அம்பத்தூர் லேத் | திங்கள், இரவு 9.40

வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன். இன்னிக்கு ஒண்ணு எழுதியே ஆகணும்.

போன வருஷம் ஆனி மாசம் வலது தொடை இடுக்குல ஒரு ரூபாய் காசு அளவுக்கு ஒரு வட்டம் வந்துச்சு. நடுவுல தோல் சாதாரணமா இருக்கும், ஓரம் மட்டும் தடிச்சு செதில் செதிலா இருக்கும், ராத்திரியில அரிப்பு தாங்காது. எங்க பட்டறை தகரக் கூரை. தடிமனான யூனிஃபார்ம் பேண்ட். காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் வேர்வை காயாது. கூட வேலை செய்யறவங்கள்ல பல பேருக்கு இது இருக்கு, யாரும் வெளிய சொல்றதில்ல. இடம் அப்படி. டாக்டர்கிட்ட காட்டக் கூச்சப்பட்டு போன்ல தேடினேன்.

படர்தாமரைன்னு போட்ட உடனே ஒரு ரீல். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தர் கையில ஒரு டியூபைக் காட்டி, நாலு மருந்தும் ஒரே கிரீம்ல இருக்கு, எவ்வளவு பழைய படர்தாமரையும் போயிடும்னார். பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடையில சீட்டு எதுவும் கேக்காம எடுத்துக் குடுத்தாங்க. நூறு ரூபாய்க்குள்ளதான். முதல் ராத்திரியே அரிப்பு பாதியாச்சு. மூணாவது நாள் சிவப்பே இல்ல. அந்தச் சந்தோஷத்துல ரீலுக்குக் கீழ போய், "அண்ணா மூணே நாள்ல போயிடுச்சு, கோடி நன்றி"ன்னு எழுதினேன். அதுக்கு நானூறு லைக்குக்கு மேல விழுந்துச்சு.

மூணு வாரத்துல திரும்ப வந்துச்சு, இந்தத் தடவை உள்ளங்கை அளவு. பூசினேன், அடங்குச்சு. நிறுத்தினேன், வந்துச்சு. இப்படியே ஆறு மாசம். இடுப்புல பெல்ட் போடுற இடம் முழுக்கப் பரவி முதுகுக்கு ஏறிடுச்சு. அப்புறம் வீட்டம்மாவுக்கு. அப்புறம் ஆறு வயசுப் பொண்ணுக்குக் கழுத்துல. எங்க வீட்டுல மூணு பேருக்கும் ஒரே துண்டு. பொண்ணு கழுத்தைப் பார்த்த அன்னிக்குத்தான் அரசு மருத்துவமனை தோல் பிரிவுக்குப் போனேன்.

அங்க இருந்த டாக்டரம்மா முதல்ல கேட்டது, "இதுவரைக்கும் என்ன பூசினீங்க? எல்லா டியூபையும் கொண்டு வாங்க." மறுநாள் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். பதினொண்ணு. மேஜை மேல வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணா திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருக்கிறதைப் பேனா முனையால தொட்டுக் காட்டினாங்க. பேரு வேற, கம்பெனி வேற, அட்டைப்பெட்டி கலர் வேற. ஒன்பது டியூப்ல அதே ஒரு சொல்: க்ளோபெடசால். "இது ஸ்டீராய்டு. உங்க உடம்பு பூஞ்சையோட சண்டை போடுறதாலதான் சிவக்குது, அரிக்குது. நீங்க ஆறு மாசமா உங்க உடம்போட கையைக் கட்டி வெச்சிருக்கீங்க, பூஞ்சை நல்லா சாப்பிட்டு வளர்ந்திருக்கு"ன்னாங்க.

மூணு பேருக்கும் சேர்த்து வைத்தியம். எனக்குப் பத்து வாரம் ஆச்சு. படர்தாமரை போயிடுச்சு. தொடை இடுக்குல தோல் மெலிஞ்சு வரி வரியா நிக்குது, பிள்ளை பெத்த வயித்துல இருக்குமே, அது மாதிரி. அது இனி போகாதாம்.

என்னைத் தூங்கவிடாதது அந்தக் கமெண்ட். அது இன்னும் அங்கேயே இருக்கு. நான் பொய் எழுதல. மூணாவது நாள் அது எனக்கு நிஜம். இப்ப அந்தப் பக்கத்துல போய் மத்தவங்க எழுதினதையும் ஒவ்வொண்ணா படிச்சேன். "ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுச்சு", "நேத்து வாங்கினேன், சூப்பர்". எல்லாருமே மூணாவது நாள்தான் எழுதறாங்க. மூணாவது மாசம் யாரும் திரும்பி வர்றதில்ல. ஒருத்தர்கூட பொய் சொல்லல, ஆனா மொத்தமாப் படிச்சா அது பொய்.

நீங்க எல்லாம் எதை வெச்சு நம்புறீங்க, எதை வெச்சு விடறீங்க? சொல்லுங்க.

பெரம்பூர் லோகோ | திங்கள், இரவு 10.02

தம்பி, படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு. எனக்கும் இதே கதை, இடம் மட்டும் அக்குள். கூச்சத்தை விட்டு எழுதினீங்களே, அதுக்கே நன்றி.

மருந்தாளுநர் 94 | திங்கள், இரவு 11.15

கொளத்தூர்ப் பக்கம் கடையில நிக்கிறவன். எங்க தரப்புத் தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

2018 மார்ச்சுல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை அட்டவணை எச்-க்குள்ள கொண்டு வந்துச்சு. சீட்டு இல்லாம விக்கக் கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல 328 கூட்டு மருந்துகளைத் தடை பண்ணாங்க, அதுல இந்த மாதிரி தோல் கிரீம்களும் இருந்துச்சு. சட்டம் இருக்கு. ஆனா கவுண்டர்ல நிக்கிறப்ப என்ன நடக்குதுன்னா, ஆள் போனை நீட்டி "இதைக் குடுங்க"ன்றார். நான் சீட்டு கேட்டா பக்கத்துக் கடைக்குப் போறார். முதலாளி என்னைப் பாக்கறார். இப்படித்தான் போகுது. இதை நியாயப்படுத்தல, நடக்கிறதைச் சொல்றேன்.

முன்னாடி "அரிப்புக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேப்பாங்க. அப்ப ரெண்டு கேள்வி கேக்க முடியும். இப்ப பேரோட வர்றாங்க, கேள்வி கேட்டாலே கோபம்.

போன மாசம் ஒரு அம்மா ஸ்க்ரீன்ஷாட் காட்டி மெத்தோட்ரெக்சேட் கேட்டாங்க, வீட்டுக்காரருக்குச் சொரியாசிஸ். அது வாரத்துக்கு ஒரே நாள் போடுற மாத்திரை. அந்த வீடியோவுல அதைச் சொல்லவே இல்ல. "தினம் ஒண்ணுதானே தம்பி?"ன்னாங்க. எனக்குக் கை கால் ஓடல. தினம் போட்டா வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணு குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாயிடும். ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டே போட வேண்டிய மாத்திரை அது. உக்கார வெச்சு தண்ணி குடுத்து, டாக்டர்கிட்ட போகச் சொல்லி அனுப்பினேன்.

டியூபைப் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க. மருந்துப் பேரு "சோன்"னு முடிஞ்சா பெரும்பாலும் ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஹைட்ரோகார்ட்டிசோன். க்ளோபெடசால், ஹாலோபெட்டசால் ரெண்டும் அப்படி முடியாது, ஆனா இருக்கறதுலயே வீரியமான ஸ்டீராய்டு வகையில சேர்ந்தவை. ஓரத்துல சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டோட வாங்க வேண்டியதுன்னு அர்த்தம்.

கொருக்குப்பேட்டை அக்கா | செவ்வாய், காலை 6.50

எல்லாரும் டாக்டரைப் பாருங்கன்னு சுலபமா சொல்லிடறீங்க. நான் நாலு வீட்டுல வேலை செய்யறேன். தனியார்ல தோல் டாக்டர்னா போனதுமே அறுநூறு, எண்ணூறு. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஒரு சோப்பு, ஒரு லோஷன், ஒரு கிரீம்னு எழுதுவாங்க, அது ஒரு ரெண்டாயிரம். என்ன நோய்னு சொல்ல மாட்டாங்க. கேட்டா முகத்தைச் சுளிப்பாங்க. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனா அரை நாள் போச்சு, ரெண்டு வீட்டுல சம்பளம் பிடிப்பாங்க. ரீல்ஸ் பேசறவர் "அக்கா, இது இதனாலதான் வருது"ன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்றார். என்கிட்ட அஞ்சு நிமிஷம் நின்னு பேசற ஒரே ஆள் அவர்தான். அதையும் நம்பாதேன்னா நாங்க எங்க போறது?

தோல் மருத்துவ மாணவி | செவ்வாய், இரவு 8.30

நான் தோல் மருத்துவத்துல மேற்படிப்பு படிக்கிறேன், இரண்டாம் வருஷம். எங்க கல்லூரி பேரு வேண்டாம்.

அக்கா, நீங்க சொன்ன ரெண்டு நிமிஷம் உண்மை. எங்க ஓ.பி.யில காலையில வரிசை நிக்கும், ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம் கிடைச்சா அதிகம். "ஏன் வந்துச்சு"ன்னு கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லாம அடுத்தவரைக் கூப்பிட்ட நாளெல்லாம் எனக்கு இருக்கு. அந்த இடத்தைத்தான் ரீல்ஸ் பிடிச்சுக்கிச்சு.

ஆனா ஒரு விஷயம் யாரும் பேசறதில்ல, அதை மட்டும் கொஞ்சம் விரிவா எழுதறேன். நம்ம தமிழ்ப் பேருங்க. நீங்க தேடறது ஒரு சொல்லை வெச்சு. அந்தச் சொல் ஒரு நோயோட பேரா இருக்கறது ரொம்ப அபூர்வம்.

"தேமல்" எடுத்துக்கோங்க. நெஞ்சுலயும் முதுகுலயும் வெளுத்த புள்ளி புள்ளியா வர்றது ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை, வேர்வை அதிகமானா வரும், சென்னையில வருஷம் முழுக்கப் பாக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க கன்னத்துல மங்கலா வர்ற திட்டு வேற, அது வறட்சியும் கரப்பான் (எக்ஸிமா) தன்மையும் சேர்ந்தது, பூஞ்சையே இல்ல. வயித்துல பூச்சின்னு சொல்லி பூச்சி மாத்திரை குடுப்பாங்க; பூச்சிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வெண்புள்ளி ஆரம்பிக்கிறப்பவும் தேமல்னுதான் வர்றாங்க. தொழுநோயும் வெளிர் திட்டாத்தான் ஆரம்பிக்கும், அதையும் தேமல்னு ஒரு வருஷம் எண்ணெய் தேய்ச்சவரை நானே பாத்திருக்கேன். அவர் திட்டு மேல பஞ்சால தொட்டேன். கண்ணை மூடிட்டு, தொடறப்ப சொல்லுங்கன்னேன். பக்கத்துத் தோல்ல தொட்டா உடனே சொன்னார். திட்டு மேல நாலு தடவை தொட்டேன், "இன்னும் தொடலையா டாக்டர்?"னு கேட்டார். தொழுநோய்க்குக் கூட்டு மருந்து இலவசம், ஆறு மாசம் இல்லேன்னா ஒரு வருஷம், பூரணமா குணமாகும். தாமதமானா நரம்பு போயிடும், அது திரும்பாது.

இப்ப "தேமலுக்கு ஒரே வாரத்தில் தீர்வு"ன்னு ஒரு வீடியோ. அதுல சொல்றது முதல் வகைக்கு ஒருவேளை சரியாவே இருக்கலாம். பாக்கற நாலு பேருக்கும் நாலு வேற நோய்.

"அக்கி"யும் அப்படித்தான். உடம்புல ஒரு பக்கம் மட்டும் பட்டையா, கொப்புளம் கொப்புளமா, தீ வெச்ச மாதிரி வலியோட வர்றது ஹெர்ப்பீஸ் ஜோஸ்டர். சின்ன வயசுல வந்த சின்னம்மை கிருமி நரம்புல தூங்கிட்டு இருந்து திரும்ப எழும்புறது. இதுக்கு வைரஸ் மருந்து 72 மணி நேரத்துக்குள்ள தொடங்கினா நல்ல பலன். நெத்தியில, கண்ணுக்குப் பக்கத்துல வந்தா அன்னிக்கே கண் டாக்டரையும் பாக்கணும். மழைக்காலத்துல ராத்திரி விளக்குக்கு வர்ற ஒரு சின்ன வண்டு தோல்ல நசுங்கினா கோடு போட்ட மாதிரி எரிஞ்சு புண்ணாகும், அதையும் அக்கின்னுதான் சொல்றோம். வண்டு அக்கி தானாவே ஒரு வாரம் பத்து நாள்ல ஆறிடும். அதுக்குக் காவிமண்ணைக் குழைச்சு மேல எழுதினாலும் ஆறும், எழுதாட்டியும் ஆறும். "எங்க பாட்டிக்கு எழுதினதும் போயிடுச்சு"ன்னு ஒரு வீடியோ பாத்து, கண்ணு ஓரத்துல வந்த ஒருத்தர் நாலு நாள் காவியோட இருந்துட்டு வந்தார்.

இன்னொண்ணு. நல்ல டாக்டரே வெளிநாட்டுல இருந்து பேசற வீடியோவும் நமக்கு அப்படியே பொருந்தாது. "டெர்பினாஃபின்ங்கிற பூஞ்சை மருந்தை ரெண்டு வாரம் பூசுங்க, போயிடும்"பாங்க. இந்தியாவுல பரவியிருக்கிற படர்தாமரைப் பூஞ்சை மாறிடுச்சு. அதுக்கு 2020-ல ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு தனிப் பேரே வெச்சாங்க. டெர்பினாஃபினுக்கு அடங்காத வகை இதுல நிறைய. லேத் அண்ணாவுக்குப் பத்து வாரம் ஆனதுல ஆச்சரியம் இல்ல. படங்களும் அப்படித்தான், "சிவந்திருக்கும்"னு காட்டற படம் எல்லாம் வெள்ளைத் தோல். நம்ம நிறத்துல அதே அழற்சி சாம்பலா, கருநீலமா, சில சமயம் வெறும் கறுப்பாத் தெரியும்.

ஜூன் 25 | செவ்வாய், இரவு 9.55

டாக்டர் வெண்புள்ளின்னு எழுதினதுக்கு நன்றி. வெண்குஷ்டம்னு சொல்ற பேர்ல இருந்து குஷ்டம்ங்கிற சொல்லை எடுக்கணும்னு சென்னையில இருந்தே ஒரு இயக்கம் பல வருஷம் பாடுபட்டுச்சு. என் புனைபெயர்ல இருக்கிற ஜூன் 25, உலக வெண்புள்ளி நாள்.

எனக்குப் பதினாலு வயசுல உதட்டு ஓரத்துலயும் விரல் நுனியிலயும் வந்துச்சு. எங்க அம்மா, மீன்குழம்பு வெச்ச நாள்ல மோர் ஊத்தினதை நினைச்சு நினைச்சு அழுவாங்க. மீனும் பாலும் சேர்ந்தா வெண்புள்ளி வரும்னு ஊரே நம்புச்சு. ஏழு வருஷம் நான் மீன் தொடல, எலுமிச்சை, தக்காளி, புளி எதுவும் இல்ல. இப்ப அதே பேச்சு பின்னணி இசையோட ரீலா வருது, லட்சம் பேர் பாக்கறாங்க. நிறம் தர்ற அணுக்களை நம்ம எதிர்ப்பு சக்தியே அழிக்கிறதால வர்றது இது. தொத்தாது. சாப்பாட்டுக் கலவைக்கும் இதுக்கும் தொடர்பில்ல. அம்மாவுக்கு இதை எடுத்துச் சொல்ல ஒரு டாக்டர் பத்து நிமிஷம் உக்காந்தார். அந்தப் பத்து நிமிஷத்துக்கு அப்புறம்தான் அம்மா எங்க வீட்டுல வஞ்சிரம் வறுத்தாங்க.

"நூறு சதவீதம் குணம், கேரண்டி"ன்னு வர்ற வீடியோ எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். 1954-ஆம் வருஷ மருந்து மற்றும் மாய நிவாரணச் சட்டத்தோட பட்டியல்ல வெண்புள்ளி இருக்கு. அதைக் குணமாக்கறேன்னு விளம்பரம் பண்றதே குற்றம். மருந்து இல்லேன்னு அர்த்தமில்ல. ஒளி சிகிச்சை எனக்குக் கன்னத்துல நல்லாவே நிறம் குடுத்துச்சு, விரல் நுனியில குடுக்கல. உண்மையா பேசற டாக்டர் இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிட்டார். நான் யாரை நம்பறேன்னா, எந்த இடத்துல பலிக்காதுன்னு தானா சொல்றவரை.

பொம்பளைங்களுக்கு ஒரு சேதி: ஒட்டுப் பொட்டு வெக்கிற இடத்துல மட்டும் வெளுத்தா முதல்ல பொட்டை நிறுத்துங்க. அந்தப் பசையில கலக்கற ஒரு வேதிப்பொருளே நிற அணுக்களைக் கொல்லும்.

நங்கநல்லூர் அம்மா | புதன், காலை 10.20

இங்க ஸ்டீராய்டு பத்தி எழுதறதைப் படிச்சு யாரும் பயந்து நிறுத்திடக் கூடாதுன்னு எழுதறேன். எனக்கு நடந்தது நேர் எதிர்.

பையனுக்கு ரெண்டு வயசு, கை கால் மடிப்பெல்லாம் கரப்பான். டாக்டர் லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் குடுத்து, எத்தனை நாள், எந்த இடம்னு எழுதியே குடுத்தார். கூடவே ஈரப்பசைக்கு ஒரு களிம்பு. நல்லா இருந்தான். அப்ப ஒரு குழுவுல வீடியோ பாத்தேன், "ஸ்டீராய்டு உங்கள் குழந்தைக்கு விஷம்"னு. அன்னிக்கே தூக்கிப் போட்டேன். கத்திரிக்காய், கருவாடு, முட்டை, பால் எல்லாத்தையும் நிறுத்தினேன். குப்பைமேனியும் மஞ்சளும் அரைச்சுத் தடவினேன். ஒன்பதாவது நாள் முழங்கால் மடிப்பு முழுக்கச் சீழ், ஜுரம். குழந்தை ராத்திரி முழுக்க என் தோள்ல சொறிஞ்சுக்கிட்டே அழுதான். அவன் நகத்துல ரத்தம். அட்மிட் பண்ணாங்க.

அங்க நர்ஸ் சொல்லிக் குடுத்தது இன்னும் பயன்படுது. பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனியில இருந்து முதல் மடிப்பு வரைக்கும் ஒரு கோடு பிதுக்கினா அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோட சேர்த்து பெரியவங்களோட ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். அளவு தெரிஞ்சதும் பயம் போச்சு. ஸ்டீராய்டு கெட்டதா நல்லதான்னு கேக்கறதே தப்பு. எந்த நோய்க்கு, எந்த வீரியம், எத்தனை நாள்னு கேக்கணும். ரெண்டு பக்க வீடியோவும் இதைச் சொல்லல.

தாம்பரம் சித்தா | புதன், பகல் 1.40

அன்பர்களே, நான் பதிவு பெற்ற சித்த மருத்துவன். ஆங்கில மருத்துவக் கிரீம்களைப் பற்றியே பேச்சு போகிறது. எங்கள் துறையின் பெயரால் நடப்பதையும் சொல்ல வேண்டியது என் கடமை.

காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, வெட்பாலைத் தைலம் நாங்கள் தருவதுதான். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் கருநீலமாக இறங்கும். இதைப் பல வீடியோக்கள் காட்டுகின்றன. அவற்றுள் சிலவற்றில் கையில் இருப்பது குடசப்பாலை. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலிருக்கும். பார்த்துச் செய்தவருக்குப் பலன் இல்லாமல் போனால் பழி சித்த மருத்துவத்திற்கு.

அதைவிட அச்சப்பட வேண்டியது சேராங்கொட்டை. சலவைத் தொழிலாளர்கள் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய கொட்டை அது. அதன் பால் பச்சையாகத் தோலில் பட்டால் நெருப்புக் கொப்புளம் போல் வெந்துவிடும். முறைப்படி நச்சு நீக்கிச் சுத்தி செய்த பிறகே நாங்கள் மருந்தில் சேர்ப்போம். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வீடியோ பார்த்து அதை நசுக்கிப் படைமேல் தடவிக்கொண்டு வந்தார். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. "மூலிகைதானே, பக்கவிளைவு வராதே" என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பெயரில்லாத டப்பாவில் வரும் "மூலிகை" சிவப்பழகுக் களிம்புகளையும் விடாதீர்கள். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய களிம்பு பூசியவர்கள். காரணம் பாதரசம். முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றது. எந்த மருத்துவமானாலும் ஆளைப் பார்த்து, தொட்டு, கேட்டு, பிறகே மருந்து.

கொருக்குப்பேட்டை அக்கா | புதன், மாலை 5.10

எல்லாம் படிச்சேன். கோபம் கொஞ்சம் குறைஞ்சுது. ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. கண்ணு முன்னாடி நாலு வீடியோ வருது. எதைப் பாக்கலாம், எதைத் தள்ளலாம்? எனக்கு மருந்துப் பேரெல்லாம் மனப்பாடம் ஆகாது.

தோல் மருத்துவ மாணவி | புதன், இரவு 9.05

அக்கா, நான் என் சொந்த அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன்.

வீடியோ "இது இப்படி இருக்கும், இப்படிப் பரவும், துண்டைத் தனியா வெச்சுக்கோங்க, உள்ளாடையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி வெயில்ல காயப்போடுங்க"ன்னு சொன்னா பாருங்க, அதனால நஷ்டமில்ல. சிரங்குக்கு வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல மருந்து பூசணும்கிற மாதிரி விஷயத்தை எங்களைவிட நல்லா சொல்ற வீடியோ இருக்கு. ஒரு டியூபைக் கையில தூக்கிக் காட்டி வாங்கச் சொன்னா அங்கேயே தள்ளிடுங்க. உங்க தோலைப் பாக்காத ஆள் உங்களுக்கு மருந்து எழுதக் கூடாது, அது டாக்டராவே இருந்தாலும். பேசறவர் யாருன்னும் பாருங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்து உடல்நலம் பத்தி இப்படிப் பேசற டாக்டர்ங்க தங்களோட தகுதியைச் சொல்லணும், நிபுணர் மாதிரி பேசற மத்தவங்க, தங்களோட பேச்சு டாக்டர் ஆலோசனைக்கு மாற்று இல்லேன்னு வெளிப்படையா சொல்லணும்னு அரசு வழிகாட்டுதல் இருக்கு. வெறும் "ஸ்கின் எக்ஸ்பர்ட்"னா யார் வேணா போட்டுக்கலாம். தோல் மருத்துவத்துல எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. மாதிரி படிப்பு இருக்கணும். பேரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டுல தேடிப் பாக்கலாம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், தோல் பிரிவு இருக்கு, பணம் வேண்டாம். அரை நாள் போகும்னு தெரியும். அந்த அரை நாள் வீணாகாம இருக்க, காலையில சீக்கிரம் போங்க, வீட்டுல வேற யாருக்கு இருந்தாலும் கூட்டிட்டுப் போங்க, முந்தின ராத்திரி திட்டு மேல எதையும் பூசாதீங்க. செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்புல பாக்க வேண்டியிருக்கும். "என்ன நோய், எத்தனை வாரம், திரும்ப வந்தா என்ன பண்ணணும்" இந்த மூணையும் விடாம கேளுங்க. முகம் சுளிச்சாலும் கேளுங்க.

இழை மேற்பார்வை | புதன், இரவு 9.30

தோல் படங்களைப் போட்டு "இது என்ன?" என்று கேட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டோம். இங்கே யாரும் படம் பார்த்து மருந்து சொல்ல வேண்டாம்.

அம்பத்தூர் லேத் | வியாழன், இரவு 10.45

எல்லாருக்கும் நன்றி. நங்கநல்லூர் அம்மா எழுதினதை என் வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்.

நேத்து ராத்திரி அந்தப் பழைய கமெண்ட்டைத் திருத்தினேன். அழிக்கத்தான் நினைச்சேன், பெரம்பூர் அண்ணன் தனிச்செய்தியில "அழிக்காதீங்க, அதே இடத்துல மாத்தி எழுதுங்க"ன்னார். முதல்ல எழுதினதை அப்படியே விட்டுட்டு அதுக்குக் கீழ சேர்த்தேன்: "இது மூணாவது நாள் எழுதினது. ஆறாவது மாசம் இடுப்பு, முதுகு முழுக்கப் பரவிச்சு. மனைவிக்கும் ஆறு வயசு மகளுக்கும் தொத்திச்சு. இந்தக் கிரீம்ல க்ளோபெடசால்னு ஸ்டீராய்டு இருக்கு. பூசாதீங்க. பூசிட்டு இருந்தா டியூபை எடுத்துட்டுப் போய் டாக்டரைப் பாருங்க." காலை பதினொரு மணிக்குப் பாத்தேன், கமெண்ட்டே இல்ல. அந்தப் பக்கமே எனக்குத் திறக்கல. என்னைத் தடுத்துட்டாங்க.

அதுக்குள்ள பன்னெண்டு மணி நேரம் அது அங்க இருந்திருக்கு. திருவொற்றியூர்ல இருந்து ஒருத்தர் மதியம் எனக்கு எழுதினாங்க. இந்த இழையோட முகவரியை அனுப்பினேன்.

புது உறுப்பினர், திருவொற்றியூர் | வியாழன், இரவு 11.20

வணக்கம். அந்த அண்ணன் கமெண்ட்டை நாலு மாசத்துக்கு முன்னாடி பாத்துதான் நான் வாங்கினேன். நேத்து ராத்திரி திரும்ப டியூப் பேரைப் பாக்கலாம்னு அதே ரீலுக்குப் போனப்ப மாத்தி எழுதினதைப் பாத்தேன். அண்ணன் மேல எனக்கு வருத்தம் இல்ல.

எனக்கு மார்புக்குக் கீழ. கைக்குழந்தைக்குப் பால் குடுக்கறேன். அதனால யாருக்கும் காட்டல. நாளைக்கு ஸ்டான்லி போறேன், எங்க அத்தை கூட வர்றாங்க. டியூபைத் தேடி எடுத்துட்டேன், ஆனா பேரெல்லாம் தேய்ஞ்சு போச்சு, அட்டைப்பெட்டியும் இல்ல. இதைக் கொண்டு போய்ப் பயன் இருக்குமா?

தோல் மருத்துவ மாணவி | வியாழன், இரவு 11.32

இருக்கும்மா. தேய்ஞ்சிருந்தாலும் கொண்டு போங்க. டியூபோட அடிப்பக்க மடிப்பை விரிச்சுப் பாருங்க, பேட்ச் எண் அழுந்தப் பதிஞ்சிருக்கும், மேல பாதிப் பேராவது தெரியும். இன்னிக்கு ராத்திரி எதுவும் பூசாதீங்க. பெண் மருத்துவர் பாக்கணும்னு சீட்டு வாங்கறப்பவே சொல்லுங்க. பால் குடுக்கறதை முதல் வார்த்தையா சொல்லுங்க, மாத்திரை அதைப் பொறுத்து மாறும். குழந்தையையும் எடுத்துட்டுப் போங்க, அதோட தோலையும் பாக்கணும்.

புது உறுப்பினர், திருவொற்றியூர் | வியாழன், இரவு 11.41

மடிப்பை விரிச்சேன். "க்ளோ" வரைக்கும் தெரியுது.